கப்பலில் நின்ற மனைவி

நம் ஊரில் ஒருவனைப் பார்த்து, "உனக்குக் கல்யாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால் அவன் சிரிப்பான், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான். பந்தற்கால் நட்டது தெருவுக்குத் தெரியும். மேளம் கொட்டியது அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும். பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு போன பங்காளி இன்னும் உயிரோடு இருக்கிறார். முஸ்லிம் வீடானால் ஜமாஅத்தார் கூடியிருக்க, மஹர் பேசி, காஜியார் முன்னிலையில் நிக்காஹ் நடந்திருக்கும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஊரே அத்தாட்சி.

ஆனால் ஊரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. வேறொரு தேசத்துத் துறைமுகத்தில் இறங்கும்போது, அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் அதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்பார். கணவன் உள்ளே குடியிருக்கிறான். மனைவி வெளியே நிற்கிறாள். இவளை அனுமதிப்பதா, வேண்டாமா என்று சர்க்கார் யோசிக்கிறது. யோசித்து முடிக்கும் வரையில் அவள் எங்கே நிற்பது? இந்தச் சின்னக் கேள்வி ஒரு தேசத்தின் சரித்திரத்தில் பெரிய வேலை செய்திருக்கிறது. அந்தத் தேசம் தென்னாப்பிரிக்கா. அந்தச் சரித்திரத்தில் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு.

1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் வந்தவர்கள் 342 பேர். அதன் பிறகு ஐம்பது வருஷங்களில் ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சொந்தச் செலவில் வியாபாரிகளும் கைத்தொழில்காரர்களும் போனார்கள். கூலியாக வந்தவரைக்கும் இந்தியன் நல்லவன். ஒப்பந்தம் முடிந்து, அங்கேயே நிலம் வாங்கி, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தொடங்கியதும் அவன் வேண்டாதவனாகிவிட்டான். 1897-ல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. புதிதாக வருகிறவனுக்கு ஐரோப்பிய பாஷை ஒன்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. இந்தியன் என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. ஆனால் யாருக்காகச் செய்த பூட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றப் பகுதிகளிலும் இதைப் போன்ற பூட்டுகள் வந்தன.

அந்தப் பூட்டில் ஒரே ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். ஏற்கெனவே குடியேறிவிட்டவனுடைய மனைவியும், வயது வராத குழந்தைகளும் வரலாம். ஆகவே, கடை வைத்திருந்தவன் இரண்டு மூன்று வருஷம் பணம் சேர்ப்பான், ஊருக்குப் போவான், கல்யாணம் செய்துகொள்வான், தனியாகத் திரும்புவான். மறுபடி டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்த பிறகு மனைவியை அழைத்துக்கொள்வான். அதுவரை அவள் மாமியார் வீட்டில் கடிதத்துக்குக் காத்திருப்பாள்.

போர்ட் எலிஸபெத் நகரத்தில் குடியிருந்த ஹஸன் ஈஸப் என்பவரும் இப்படித்தான் செய்தார். ஊருக்குப் போய் இஸ்லாமிய முறைப்படி பாய் மரியம் என்ற பெண்ணை மணந்துகொண்டார். பிறகு அவளை அழைத்து வந்தார். கேப் மாகாணக் குடியேற்ற அதிகாரி அவளை இறங்கவிடவில்லை. ஈஸப் நீதிமன்றத்துக்குப் போனார். 1913 மார்ச் 14-ந் தேதி நீதிபதி ஸெர்ல் தீர்ப்புச் சொன்னார். ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளை மணக்க இடம் கொடுக்கிற மதச் சடங்கின்படி நடந்த விவாகம், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் விவாகமே ஆகாது. ஆகவே சட்டத்தில் உள்ள 'மனைவி' என்ற சொல் பாய் மரியத்தைக் குறிக்காது. ஈஸப்புக்கு அவள் ஒருத்திதான் மனைவி என்பதை யாரும் மறுக்கவில்லை. இன்னொருத்தியை மணக்க அவருக்கு வழி இருக்கிறதே என்பதுதான் குற்றம்.

வழக்குக்குக் கணவன் பெயர்தான் இருக்கிறது. சட்டப் புத்தகங்களில் 'ஈஸப் வழக்கு' என்றே அதைக் குறிக்கிறார்கள். கரையில் கால் வைக்கக் கூடாது என்று யாரைத் தடுத்தார்களோ, அவள் பெயர் தலைப்பில் இல்லை.

தீர்ப்பின் நிழல் அவளோடு நிற்கவில்லை. ஸெர்லின் நியாயப்படி, கிறிஸ்தவ ஆலயத்திலோ பதிவு அதிகாரி முன்பாகவோ நடந்த கல்யாணம்தான் கல்யாணம். இந்து, முஸ்லிம், பார்ஸி மதங்களின்படி தாலி கட்டியோ நிக்காஹ் முடித்தோ குடும்பம் நடத்திய அத்தனை பெண்களும் ஒரே நாளில் மனைவி என்ற ஸ்தானத்தை இழந்தார்கள். பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டா என்பதும் சந்தேகமாயிற்று. முப்பது வருஷம் ஒருவனுக்குச் சோறு பொங்கிப் போட்ட கிழவியைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்ட தீர்ப்பு அது. காந்தி சர்க்காருக்கு எழுதிக் கேட்டார். திருப்தியான பதில் இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டமும் குறையை நேராகத் தீர்க்கவில்லை.

கணவனும் மனைவியும் எல்லைக்கு இருபுறமும் நிற்கிற துன்பம் ஜொஹானஸ்பர்க் தமிழர்களுக்கு முன்பே பழக்கமானது. 1907-ல் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் அவர்களே முன்னணியில் நின்றார்கள். சிறைக்கு அஞ்சாதவர்களை என்ன செய்வது என்று யோசித்த சர்க்கார், 1910-ல் பலரைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். சென்னையில் வந்து இறங்கியவர்களை ஜி. ஏ. நடேசன் வரவேற்று ஆதரித்தார். அங்கே விடப்பட்ட குடும்பங்களுக்கு டால்ஸ்டாய் பண்ணை புகலிடமாயிற்று. அது ஜொஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், காந்தியின் நண்பர் காலன்பாக் வாடகையில்லாமல் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். கணவன் சிறையிலோ கடலிலோ இருக்க, மனைவிமார் அங்கே சமைத்தார்கள், துணி தைத்தார்கள், காத்திருந்தார்கள். நாடுகடத்தப்பட்டவர்களில் நாராயணசாமி என்பவர் திரும்பி வந்தார். எந்தத் துறையிலும் அவரை இறங்கவிடவில்லை. துறை துறையாக அலைக்கழிந்து, 1910 அக்டோபர் 16-ந் தேதி டெலகோவா விரிகுடாவில் உயிர் துறந்தார்.

இப்படிக் காத்திருந்து பழகிய பெண்கள்தாம் ஸெர்ல் தீர்ப்பைக் கேட்டார்கள். 1913 மே மாதமே டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம், குறை தீராவிட்டால் சிறை செல்லவும் தயார் என்று சர்க்காருக்குத் தெரிவித்தது. அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பக் காந்தி இசையவில்லை. இப்போது, "நீங்கள் மனைவிகள் அல்ல" என்று சட்டம் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்ட பிறகு, வீட்டில் இருங்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஆயுதம் சட்டத்திலேயே இருந்தது. 1910-ல் நான்கு பகுதிகள் சேர்ந்து ஒரே ராஜ்யமாகிவிட்டன என்றாலும், இந்தியனுக்கு அவை நான்கு தேசங்களாகவே இருந்தன. நேட்டாலில் இருப்பவன் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் போனால் குற்றம். அங்கிருந்து இங்கே வந்தாலும் குற்றம். ஆரஞ்சு நாட்டிலோ 1891 முதல் இந்தியன் குடியிருக்கவே கூடாது. ஆகவே எல்லையைத் தாண்டினால் போதும், சிறைக் கதவு திறக்கும்.

1913 செப்டம்பர் 15-ந் தேதி பீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து பதினாறு பேர் புறப்பட்டார்கள். நான்கு பேர் பெண்கள். அவர்களில் கஸ்தூரிபா ஒருவர். வோக்ஸ்ரஸ்டில் எல்லை தாண்டினார்கள். போலீஸார் கேட்டபோது பெயர் சொல்ல மறுத்தார்கள். காந்தியின் மனைவி என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மரியாதையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். அது அவர்களுக்கு வேண்டியதில்லை. செப்டம்பர் 23-ந் தேதி மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களுக்கு அந்தப் பாக்கியம் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை. ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. ஆரஞ்சு நாட்டு எல்லையைத் தாண்டிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கூடையில் சாமான் வைத்து விற்றுப் பார்த்தார்கள். போலீஸார் கண்ணை மூடிக்கொண்டார்கள். குழந்தையும் கையுமாக வருகிற பெண்களைச் சிறையில் போட்டால் ஊர் சிரிக்கும் என்று சர்க்கார் பயந்திருக்கலாம். கடைசியில் அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த நியூகாஸிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இவர்களுடைய பெயர்களைக் காந்தி தம் புத்தகத்தில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்தப் பட்டியலில் என் கண் வெகு நேரம் நின்றது. திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமிப் பிள்ளை என்று ஒன்பது பேருக்குக் கணவன் பெயர்தான் இருக்கிறது. யாருடைய மனைவி என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள மறுத்ததோ, அவர்களைச் சரித்திரம் இன்னாருடைய மனைவி என்றே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் இதைப் பெருமையாகவே நினைத்திருக்கக்கூடும். அதற்காகத்தானே சிறைக்குப் போனார்கள்!

நியூகாஸிலில் டி. எம். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் குடும்பம் அவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டது. இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறிய வீடு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸெர்ல் தீர்ப்பினால் லாசரஸ் குடும்பத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கிறிஸ்தவக் கல்யாணம் செல்லும் என்று நீதிபதியே சொல்லிவிட்டார். சர்க்காரின் கோபமும் சுரங்க முதலாளிகளின் கோபமும் வீடு தேடி வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கதவைச் சாத்தவில்லை. தன் கல்யாணம் செல்லும் என்பதற்காக அடுத்த வீட்டுக் கல்யாணம் செல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு மனம் இல்லை.

பெண்கள் சுரங்கக் கொட்டடிகளுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் தமிழில் பேசினார்கள். தொழிலாளிகளுக்கு வேறொரு குறை இருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இருக்கிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. மனைவிக்கும் உண்டு, பதினாறு வயதான பையனுக்கும் பதின்மூன்று வயதான பெண்ணுக்கும் உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 12 பவுன். குடும்பத் தலைவனின் வருமானம் மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை என்று காந்தி கணக்குச் சொல்கிறார். பவுனுக்கு 20 ஷில்லிங். வருஷ வருமானம் 168 ஷில்லிங். வரி 240 ஷில்லிங்! கப்பலில் வந்தவளை மனைவி இல்லை என்று விலக்கிய அதே தேசத்தில், வரி என்று வந்தால் மனைவியையும் குழந்தைகளையும் தலை தவறாமல் எண்ணினார்கள்.

பெண்கள் பேச்சு பற்றிக்கொண்டது. அக்டோபர் மத்தியில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குப் பிறகு சர்க்காரால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அக்டோபர் 21-ந் தேதி பதினொரு பேரையும் பிடித்து, மூன்று மாதத் தண்டனை விதித்து, கஸ்தூரிபா இருந்த மாரிட்ஸ்பர்க் சிறைக்கே அனுப்பினார்கள். சாப்பாடு மோசம். வேலை, துணி வெளுப்பது. வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது.

வேலையை விட்ட தொழிலாளிகளோ கொட்டடியிலிருந்தும் துரத்தப்பட்டார்கள். அவர்களை எல்லையைத் தாண்ட வைத்துச் சிறைக்கு அனுப்புவது என்று காந்தி தீர்மானித்தார். நவம்பர் 6-ந் தேதி காலை சார்லஸ்டவுனிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. தலைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. முன்னதாக நியூகாஸிலிலிருந்து எல்லைக்கு வந்த நடையில் இரண்டு தாய்மார் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். ஒன்று குளிரிலும் வெயிலிலும் வாடி இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போய்விட்டது. தாய்மார் நடப்பதை நிறுத்தவில்லை.

வழியில் காந்தியைப் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். ஊர்வலத்தாரை ரயிலில் அடைத்து நேட்டாலுக்குத் திருப்பினார்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சவுக்கடியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. செய்தி நம் நாட்டை எட்டியது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு சென்னைக்கு வந்திருந்த சமயம், அந்த நவம்பரில், தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்குத் தம் அனுதாபம் உண்டு என்று பகிரங்கமாகப் பேசினார். ஒரு வைஸ்ராய் சட்டம் மீறுகிறவர்கள் பக்கம் பேசியது லண்டனில் பலருக்கு ரசிக்கவில்லை. தென்னாப்பிரிக்க சர்க்கார் விசாரணைக் கமிஷன் நியமித்தது.

கமிஷன் விசாரித்துக்கொண்டிருந்தபோது வள்ளியம்மை இறந்தாள். ஜொஹானஸ்பர்க் முனுசாமி முதலியாரின் மகள். தாயின் ஊர் நம் தஞ்சைக் கடற்கரைப் பக்கத்துத் தில்லையாடி. வயது பதினாறு. தாயோடு சேர்ந்து எல்லை தாண்டி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, சிறையில் கண்ட ஜுரத்தோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22-ந் தேதி உயிர் பிரிந்தது. அவள் யாருக்கும் மனைவியாகவில்லை. சட்டம் செல்லாது என்று சொல்ல அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்திருக்கவில்லை. மற்றப் பெண்களுடைய தாலிக்காக ஒரு கன்னிப் பெண் உயிரைக் கொடுத்தாள். தாய்நாடு திரும்பிய அதே வருஷம், 1915 மே மாதத் தொடக்கத்தில், காந்தி தில்லையாடிக்கு வந்து போனார்.

1914 ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய மதங்களின்படி நடந்த கல்யாணம் செல்லும் என்று ஏற்கப்பட்டது. ஆனால் ஒருவனுக்கு ஒரு மனைவிதான் கணக்கு. அவளுக்கும் அவள் குழந்தைகளுக்கும்தான் உள்ளே வர வழி. ஜூலை 18-ந் தேதி காந்தி கப்பலேறினார்.

இத்துடன் கதையை முடித்து மங்களம் பாடலாம். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் வென்றது ஒரு சலுகைதான். 1913 சட்டத்துக்குப் பிறகு புதிய இந்தியர் எவரும் உள்ளே வர முடியாது. மனைவி என்ற அந்த ஒரே துவாரம்தான் மிச்சம். 1927-ல் இரண்டு சர்க்கார்களும் செய்துகொண்ட கேப்டவுன் ஒப்பந்தமும் அதை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தது. 1953-ல் நிறவெறி சர்க்கார் அதையும் அடைத்தது. அந்த வருஷம் பிப்ரவரி 10-ந் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் மணந்த இந்திய மனைவிக்கு இடமில்லை என்று ஒரு சட்டம் வந்தது. ஸெர்லாவது சடங்கைக் குறை சொன்னார். இவர்களுக்கு எந்தச் சடங்கும் போதவில்லை. ஆரஞ்சு நாட்டில் இந்தியன் குடியிருக்கக் கூடாது என்ற தடை 1986 வரையில் நீடித்தது.

நிறவெறி ஆட்சி 1994-ல் விழுந்தது. புதிய அரசியல் சாசனம் வந்தது. ஆனால் குடியேற்ற அலுவலகத்து மேஜை அதே இடத்தில் இருந்தது. 1991-ல் செய்த அந்நியர் சட்டத்தில் ஒரு விதி. குடியேற அனுமதி கேட்கிற அந்நியர், முடிவு வரும்வரை நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்நாட்டில் குடியிருப்பவரின் மனைவியோ கணவனோ ஆனால் உள்ளேயே காத்திருக்கலாம்; அதற்குக் கையில் தற்காலிகச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை எந்த நியாயப்படி கொடுப்பது, எந்த நியாயப்படி மறுப்பது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அதிகாரியின் மனசுதான் நியாயம். அவர் மறுத்தால் மனைவி எல்லைக்கு வெளியே போய்க் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்கவும் கூடாது. வசதியுள்ளவன் கூடப் போகலாம். இல்லாதவன் தனியே சோறு வடித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

இதை எதிர்த்து மூன்று தம்பதிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். கேப் நீதிமன்றத்திலிருந்துதான் வழக்கு மேலே போயிற்று. 2000 ஜூன் 7-ந் தேதி அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதி கேட் ஓரீகன் தீர்ப்புச் சொன்னார். குடும்ப வாழ்வு என்ற உரிமை அந்தச் சாசனத்தில் தனியாக எழுதப்படவில்லை. ஆனால் மனித கௌரவம் என்ற உரிமை இருக்கிறது. மணந்தவர்கள் சேர்ந்து வாழ்வது அந்தக் கௌரவத்தின் பகுதி என்றார் அவர். அவர்களைப் பிரிக்கும் அதிகாரத்தை வரையறை இல்லாமல் ஓர் உத்தியோகஸ்தர் கையில் விடுவது சாசனத்துக்கு விரோதம். தகுந்த காரணம் காட்டாமல், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது மனைவியை வெளியே நிறுத்தக் கூடாது. மற்ற நீதிபதிகளும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஸெர்ல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 87 வருஷங்கள். அந்த நீதிமன்றம் 2004 முதல் ஜொஹானஸ்பர்க் பழைய கோட்டைச் சிறை இருந்த இடத்தில் நடைபெறுகிறது. 1908-ல் காந்தி அடைபட்டிருந்த சிறை அது.

இரண்டு நீதிபதிகளுக்கும் இருந்த வித்தியாசம் என்ன? இருவரும் சட்டத்தைத்தான் படித்தார்கள். ஒருவர் 'மனைவி' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடினார். மற்றவர், பதில் வருகிற வரையில் அவள் எங்கே நிற்பாள், அவள் இல்லாத வீட்டில் கணவன் எப்படி இருப்பான் என்று பார்த்தார். இந்தப் பார்வை ஒரு தேசத்தின் சட்டத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆயிற்று.

இன்றைக்கு நம் தெருவில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண் விஸாவுக்குக் காத்திருக்கிறாள். கணவன் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறான். கல்யாண போட்டோ, அழைப்பிதழ், இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் அத்தாட்சியாகப் போயிருக்கின்றன. இடையில் சுற்றுலாச் சீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, போனால் உள்ளதும் கெட்டுவிடுமா என்று வக்கீலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கார்களுக்கு எல்லை வேண்டும். வருகிறவர்களை விசாரிக்க அவற்றுக்கு உரிமையும் உண்டு. பொய்க் கல்யாணங்களும் உலகத்தில் நடக்கத்தான் செய்கின்றன. விசாரிக்கட்டும். ஆனால் விசாரணை முடியும் வரையில் சந்தேகத்தின் பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடிய காகிதத்தை ஒரு வருஷம் மேஜையில் வைத்திருந்தால், அந்த வருஷத்தை அந்தத் தம்பதிக்கு எந்தச் சர்க்காரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இடுப்பில் குழந்தையோடு நியூகாஸில் ரஸ்தாவில் நடந்த அந்தப் பெண்களுக்குச் சட்டம் தெரியாது. தங்களை யார் என்று கேட்டவனுக்கு, நடந்து காட்டிப் பதில் சொன்னார்கள்.